எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்கிறேன்: லிபரல் ஆர்ட்ஸ் (2012)

கடைசிவரிசை எழுதியது:

நேற்று இரவு மறுபடியும் லிபரல் ஆர்ட்ஸ் பார்த்தேன். இந்த வருடத்தில் இது நான்காவது முறை. பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் தூக்கம் வராத இரவுகளில் கை தானாக இதைத்தான் தேடிப் போகிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்களோடு பேசினால் தெளிவு வரும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறோம், அதனால் முதலில் பார்த்துவிட்டு வர விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம்தான்.

ஜெஸ்ஸிக்கு 35 வயது. நியூயார்க்கில் ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை செய்கிறான். எப்போதும் கையில் ஒரு புத்தகம். வாழ்க்கை எங்கேயோ நின்றுபோயிருக்கிறது. அவன் படித்த கல்லூரியில் அவனுக்குப் பிடித்த பேராசிரியர் ஹோபர்க் ஓய்வு பெறுகிறார், விடைபெறும் விருந்துக்கு அவனை அழைக்கிறார். போகிறான். அங்கே ஸிப்பி என்ற 19 வயது மாணவியைச் சந்திக்கிறான். ஊர் திரும்பிய பிறகு இருவரும் கையால் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். ஜோஷ் ராட்னரே எழுதி, இயக்கி, ஜெஸ்ஸியாக நடித்தும் இருக்கிறார். ஒஹையோவில் அவர் படித்த கென்யன் கல்லூரியிலேயே படமாக்கினார். அதனாலோ என்னவோ, அந்த மரங்களையும் நடைபாதையையும் கேமரா பார்க்கிற விதத்தில் ஒரு பழைய உரிமை தெரிகிறது.

வளாகத்துக்குள் நுழைந்ததும் அவன் முகம் மாறும் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இளகுகிறது. அடுத்த ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக இருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒரு சங்கடம் வருகிறது. எனக்கு 36 வயது. வேலை, குடும்பம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கவிதையைப் பற்றி நடுராத்திரி இரண்டு மணி வரைக்கும் என்னோடு சண்டை போட இப்போது யாரும் இல்லை. படிக்கிற ஒவ்வொன்றும் என்னை மாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. இந்தப் படத்தில் எனக்குக் கிடைப்பது ஆறுதலா, அல்லது நான் ஒளிந்துகொள்ளும் இடமா? உங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கல்லூரிப் படம் இருக்கிறதா?

---

தாள்திருத்தி எழுதியது:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று படத்தைப் பார்த்தேன். நான் 34 ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன். எனக்கு இது ஜெஸ்ஸியின் கதையாகத் தெரியவில்லை, ஹோபர்க்கின் கதையாகத்தான் தெரிந்தது. ரிச்சர்ட் ஜென்கின்ஸ் அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கும் விதம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

விருந்து முடிந்து, எல்லாரும் பாராட்டி அனுப்பிய பிறகு, அந்த மனிதர் திரும்பப் போய் வேலையைக் கேட்கிறாரே, கவனித்தீர்களா? முடிவை மாற்றிக்கொண்டேன், இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிடுகிறேன் என்று கேட்கிறார். முடியாது என்கிறார்கள். அந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நான் வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், ஒரு புத்தகத்தை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு துறைக்குப் போனேன். என் அறைக் கதவில் வேறொரு பெயர்ப்பலகை. எத்தனையோ ஆண்டுகள் சாவி போட்டுத் திறந்த கதவை, முதல் முறையாகத் தட்டிவிட்டு வெளியே நின்றேன். உள்ளே இருந்த இளைஞர் மிக மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதைதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஹோபர்க் தன் வயதைப் பற்றி ஜெஸ்ஸியிடம் பேசும் இடம் ஒன்று உண்டு. உள்ளுக்குள் இன்னும் 19 வயதுதான், முகம் மழிக்கும்போது கண்ணாடிதான் வேறு ஆளைக் காட்டுகிறது என்று சொல்வார். வெளியே இருப்பவர்களுக்கு அது நயமான வசனமாக இருக்கலாம். ஆசிரியர்களுக்கு அது அன்றாடம். என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்போதும் 19 வயதுதான். ஆண்டுதோறும் ஆள் மாறுவார்கள், வயது மாறாது. மாறாத ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றவனுக்குத் தன் காலம் ஓடியது எப்படித் தெரியும்? தலை நரைத்ததைக்கூடப் பழைய மாணவர்கள் பார்க்க வரும்போது அவர்கள் கண்ணில்தான் கண்டுபிடித்தேன்.

ஒளிந்துகொள்ளும் இடமா என்று கேட்டிருந்தீர்கள். 34 ஆண்டுகள் அதே இடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருந்திருக்கலாம். ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

---

பனிமூட்டம் எழுதியது:

நான் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இழையைப் பார்த்துத்தான் படத்தைப் போட்டேன். எனக்கு ஆறுதல் வரவில்லை.

எனக்கு அதில் டீன்தான் நான். படிப்பில் கெட்டிக்காரன், எப்போதும் தடிமனான ஒரே புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பையன். எல்லாரும் சொர்க்கம் என்கிற அதே வளாகத்தில்தான் அவன் அப்படி இருக்கிறான். ஜெஸ்ஸி மரங்களைப் பார்த்துப் பூரித்துப்போகிறான், அதே மரத்தடியில் டீன் மூச்சு முட்டிக்கொண்டு இருக்கிறான்.

கல்லூரி நாட்கள்தான் வாழ்க்கையிலேயே சிறந்த நாட்கள் என்று வீட்டில், சொந்தத்தில், இங்கே, எல்லாரும் சொல்கிறீர்கள். அதைக் கேட்கும்போது எனக்குப் பயம்தான் வருகிறது. சிறந்த நாட்களே இப்படி என்றால் மிச்சம் எப்படி இருக்கும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பதுதான் என் தினசரிப் பிரச்சினை. அதற்குப் பயந்தே நூலகத்துக்குப் போய்விடுகிறேன். ரொம்பப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எழுதவில்லை. யாராவது ஒருவர் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான்.

---

அந்திவெளிச்சம் எழுதியது:

பனிமூட்டம், முதலில் உங்களுக்கு. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எழுதியது நல்லது. அந்த நாட்கள் சிறந்தவை என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் அந்த நாட்களில் உங்களைப் போலத்தான் இருந்தார்கள். நானும் முதல் ஒன்றரை வருடம் யாரோடும் உட்காராமல் கழித்தவள்தான். டீன் படத்தில் தன் உயிரையே போக்கிக்கொள்ள முயலும் அளவுக்குப் போய்விடுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் மனம் அந்தப் பக்கம் சாய்கிற மாதிரித் தோன்றினால், தயவுசெய்து தாமதிக்காமல் நேரில் ஒருவரிடம் சொல்லுங்கள். கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் ஒரு மருத்துவரிடம், அதுவும் முடியாவிட்டால் நம்பகமான ஒரே ஒரு ஆளிடம். அந்தக் காட்சியில் ஜெஸ்ஸி பெரிய அறிவுரை எதுவும் சொல்வதில்லை. மருத்துவமனைக்கு வந்து பக்கத்தில் உட்காருகிறான். அவ்வளவுதான் செய்ய முடிந்தது, அது போதுமானதாகவும் இருந்தது.

இனி படத்துக்கு வருகிறேன். எனக்கும் பிடிக்கும், ஆனால் ஒரு குறை உண்டு. ஸிப்பியை நாம் எப்போதும் ஜெஸ்ஸியின் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். எலிசபெத் ஓல்சன் நன்றாக நடித்திருப்பதால் அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு உயிர் இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்பதற்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. அவன் அவளை விட்டு விலகுவது சரியான முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முடிவால் அவன் வளர்ந்தான் என்று படம் காட்டுகிற அளவுக்கு, அவள் பட்ட அவமானத்தைக் காட்டவில்லை. 19 வயதில் ஒருத்தி தன்னைத் திறந்துகாட்டிவிட்டு மறுக்கப்படும்போது எவ்வளவு வலிக்கும் என்பது அந்த வயதைக் கடந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அந்த ரத்தக்காட்டேரி நாவல் சண்டை எனக்கு மிகவும் பிடித்த இடம். அவள் படிக்கிற புத்தகம் மட்டமானது என்று நிரூபிப்பதற்காகவே அதை வாங்கிப் படித்து முடிக்கிறான்! அவள் அதைப் படித்தது வெறும் இன்பத்துக்காக. அதுகூட அவனுக்குப் புரியவில்லை. புத்தகத்தை நேசிப்பது எப்போது அடுத்தவரைச் சிறுமைப்படுத்தும் ஆயுதமாகிறது என்று அந்தக் காட்சியில்தான் எனக்குப் பட்டது. அப்படி நானும் ஒரு தோழியிடம் நடந்திருக்கிறேன். அவளுக்குப் பிடித்த ஒரு தொடர்கதையை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் புத்தகம் பற்றிப் பேசவே இல்லை. படம் பார்த்த அன்று அவளுக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது நினைவே இல்லை என்றாள். இருந்தாலும் கேட்டது நல்லதாகப் போயிற்று.

கடைசிவரிசை, அந்தக் கணக்குப் போடும் காட்சியை நீங்கள் குறிப்பிடவே இல்லையே? தன் வயதையும் அவள் வயதையும் தாளில் எழுதிக் கழித்துப் பார்ப்பான். அவனுக்கு 19 ஆனபோது அவளுக்கு 3. இருவரும் கிழவர்களானால் பரவாயில்லை போலத் தோன்றும். அந்தத் தாளில் அவன் தேடுவது அவளுக்கும் தனக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும்தானா? பழைய தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்றும் எண்ணிப் பார்க்கிறான் என்றே நினைக்கிறேன்.

---

நடுப்பக்கம் எழுதியது:

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்குப் புறநானூறு 243தான் ஞாபகம் வருகிறது. பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்துவிட்டுக் கடந்துபோயிருப்போம். ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியது, குளத்தில் பெண்களோடு கைகோத்து ஆடியது, வஞ்சகம் தெரியாத நண்பர்கள். நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, திடுமென்று ஆழத்தில் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தது. அந்த இளமையைக் 'கல்லா இளமை' என்கிறார். இப்போது பூண் போட்ட தடியை ஊன்றி நடுங்கி நடக்கிறார், இருமலுக்கு நடுவே சில சொற்கள்தான் வருகின்றன. அந்தத் தடியைக் குறிக்கும் சொற்களான 'தொடித்தலை விழுத்தண்டு' என்பதிலிருந்தே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் நினைவில் வைத்திருப்பது எதை என்று பாருங்கள். ஒரு கை மணல். அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆழம் வரைக்கும் போய்வந்தேன் என்பதற்கு அத்தாட்சி, அதைப் பார்த்து வியக்கக் கரையில் நாலு பேர். கடைசிவரிசை சொன்ன நடுராத்திரிக் கவிதைச் சண்டையும் அப்படித்தான். கவிதை இன்றும் கையில் கிடைக்கும். கரையில் நின்றவர்கள்தான் இல்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாஸல் நகரில் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கினார். திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது. அவருக்கு அது ஒரு நோயின் பெயர், வீட்டை விட்டுத் தொலைவில் இருப்பவர்களுக்கு வரும் நோய். ஊருக்குத் திரும்பினால் குணமாகும் நோய். காலத்தை நினைத்து ஏங்குவது என்ற பொருள் பிற்பாடு வந்ததுதான். ஜெஸ்ஸி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறான். அவன் ஏங்குவது ஒரு காலத்துக்கு, டிக்கெட் எடுத்துப் போவது ஒரு ஊருக்கு.

நம் மூளையும் இதற்கு ஒத்துழைக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் நடந்தவை மற்றவற்றை விட அதிகமாக வருகின்றன. உளவியலில் இது பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். முதல் முறை நடப்பவை அந்த வயதில் நிறைய, நான் யார் என்று முடிவு செய்வதும் அப்போதுதான், அதனால் பதிவு ஆழமாக விழுகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். அதிகமாக நினைவிருப்பதால் அதிகமாக மகிழ்ந்தோம் என்று ஆகிவிடாது. பனிமூட்டம், இதை உங்களுக்காகத்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

இதே மனநிலைக்கு நான் போய் நிற்கும் படம் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் வைல்டு ஸ்ட்ராபெர்ரீஸ் (1957). 78 வயது ஈசாக் போர்க் ஒரு பட்டம் வாங்க லுண்டு நகரத்துக்குக் காரில் போகிறார். வழியில் இளமைக்கால வீட்டைப் பார்க்கிறார். நினைவுக்குள் எல்லாரும் இளமையாக இருக்கிறார்கள், அவர் மட்டும் கிழவராகவே நின்று பார்க்கிறார். ஹோபர்க்குக்கு உள்ளே 19 வயது, வெளியே கிழவர். ஈசாக்குக்கு நினைவுக்குள் போன பிறகும் வயது விடவில்லை. இரண்டில் எது கொடுமை என்று எனக்கு இன்றுவரை முடிவு தெரியவில்லை.

---

ஈரமை எழுதியது:

குறுக்கே ஒன்று. கதாநாயகன் இல்லாத கல்லூரிப் படம் வேண்டுமென்றால் ஃபிரெடரிக் வைஸ்மனின் அட் பெர்க்லி (2013) பாருங்கள். நான்கு மணி நேர ஆவணப்படம். பின்னணிக் குரல் இல்லை, பேட்டி இல்லை. வகுப்பறை, நிதி குறைந்ததால் நடக்கும் கூட்டங்கள், நூலகத்தில் மாணவர் போராட்டம். இரண்டு மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்து கேட்கிற நிம்மதி கிடைக்கும்.

---

கடைசிவரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

பனிமூட்டம் எழுதியதும் நடுப்பக்கம் எழுதியதும் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, கல்லூரிக் காலத்து நாட்குறிப்பை எடுத்தேன். பத்து வருடமாகத் திறக்காத நோட்டு. கவிதைச் சண்டைகள் பக்கம் பக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். மொத்தம் இரண்டே இடத்தில் இருந்தன. மற்றதெல்லாம் வேறு. இது எப்போது முடியும் என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில், இன்று யாருமே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்று ஒரே ஒரு வரி. தேதி போட்டிருக்கிறது, இரண்டாம் ஆண்டு. அதை எழுதிய நாள் எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

நான் தினம் இரவு போய்ப் பார்க்கத் துடித்த அந்த இடத்தில் அந்தப் பையன் இப்படி இருந்திருக்கிறான். படத்தில் நான் எப்போதும் ஜெஸ்ஸியோடுதான் நடந்தேன், டீன் வரும் காட்சிகளில் கைப்பேசியை எடுத்துவிடுவேன் என்பது இப்போது உறைக்கிறது. நேற்று ஐந்தாவது முறையாகப் பார்த்தேன், இந்தத் தடவை கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. மருத்துவமனைக் காட்சியில் அழுதேன். பிறகு கடைசிக் காட்சி. புத்தகக்கடைப் பெண் ஆனாவும் ஜெஸ்ஸியும் வயதாகப்போவதைப் பற்றிப் பயமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்களே, அது இத்தனை நாள் எனக்கு அவசரமாக ஒட்டவைத்த முடிவாகத்தான் பட்டது. நேற்று அப்படித் தோன்றவில்லை. அவளோடு பேசும்போது அவன் 35 வயதுக்காரனாகவே இருக்கிறான், அது அவனுக்குப் பாரமாகவும் இல்லை.

அந்திவெளிச்சம், ஸிப்பி பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அவள் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் அது வேறு படமாக இருக்கும், ஒருவேளை இதை விட நல்ல படமாகவும்.

---

தாள்திருத்தி எழுதியது:

பனிமூட்டம், தம்பியா தங்கையா தெரியவில்லை. நூலகத்தில் ஒளிந்துகொள்கிற மாணவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர்கள் அங்கே உங்களைப் பார்க்கிறோம். நல்ல பிள்ளை, படிக்கிறது என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறோம். 34 ஆண்டுகளில் அப்படி எத்தனை பேரைத் தாண்டிப் போனேன் என்று இன்று யோசிக்கிறேன், அதற்கு வருந்துகிறேன்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் ஆசிரியர்களில் பாடம் முடிந்த பிறகும் உடனே கிளம்பாமல் மேசையருகே கொஞ்சம் நிற்பவர் யாராவது உண்டா? சந்தேகம் ஏதும் வேண்டாம், என்ன படிக்கிறீர்கள் என்று மட்டும் போய்ச் சொல்லுங்கள். அப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் யாராவது வருவார்களா என்றுதான் நிற்கிறார்கள். நான் அதற்காகத்தான் நின்றேன்.

---

பனிமூட்டம் எழுதியது:

ஐயா, அப்படி ஒருவர் இருக்கிறார். புள்ளியியல் எடுக்கும் மேடம். நேற்று போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் புறநானூறு 243 படித்தேன் என்று சொல்லிவிட்டேன். புள்ளியியல் வகுப்பில்! அவர் சிரிக்கவில்லை. அடிமணல் எடுக்கிற பாட்டுதானே என்று கேட்டார். இருபது நிமிடம் பேசினோம். ஆலோசகர் உட்காரும் அறை எந்த மாடியில் என்றும் அவரிடமே கேட்டேன், கூடவே நடந்து வந்து கதவைக் காட்டினார். வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

மதியம் இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இன்று நூலகத்துக்குப் போகவில்லை, வெளியே உட்கார்ந்தேன்.

கடைசிவரிசை அண்ணா, உங்கள் நோட்டில் அந்த ஒரு வரியைப் படித்தபோது, அதே இரண்டாம் ஆண்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருப்பதுபோல் இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

---

கடைசிவரிசை எழுதியது:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்த பக்கத்தில், எட்டு நாள் கழித்து, விடுதியில் புதிதாகப் பக்கத்து அறைக்கு வந்தவன் விளக்கு அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறான், தூங்கவிடமாட்டேன் என்கிறான் என்று புகார் எழுதியிருக்கிறேன். பின்னாளில் என்னோடு கவிதைக்குச் சண்டை போட்டவன் அவன்தான்.

வியாழக்கிழமை போய்விட்டு வந்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.